கேஷ் ஃபிளஷை நீக்கும் பேட்ச்: எந்தச் சோதனையை நம்பிச் சேர்ப்பது?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இயங்கும் எங்கள் சிறு குழுவின் முன்னால் ஒரு பேட்ச், அதாவது நிரலுக்கான ஒரு திருத்தம், காத்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம் பகுதியிலிருந்து சில வரிகளை அது நீக்குகிறது. மெய்நிகர் கணினி ஒன்று தன் நினைவகப் பக்கத்தை முதன்முறை தொடும்போதெல்லாம் நடக்கும் கேஷ் ஃபிளஷ், அதாவது செயலியின் வேகச் சேமிப்பான கேஷிலுள்ளதை நினைவகத்தில் எழுதிக் காலி செய்வது, இனி நடக்காது. அதனால் மெய்நிகர் கணினிகள் விரைவாகத் தொடங்கும். எழுதியவர் கூலிம் தொழிற்பூங்காவில் ஷிப்ட் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பி, கெட்டிக்காரர். “அண்ணா, எல்லாச் சோதனையும் தேறிவிட்டது, சேர்த்துவிடலாம்” என்கிறார். தேறியது உண்மை. எந்தச் சில்லில் எந்தச் சோதனை தேறியது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இத்தகைய பேட்சைச் சரிபார்க்க எங்களுக்கு நான்கு வழிகள் உண்டு. கட்டமைப்புக் கையேட்டை வைத்துக்கொண்டு வரிவரியாக வாசிக்கலாம். சில்லை மென்பொருளால் நடித்துக் காட்டும் எமுலேட்டரில் ஓட்டலாம். உண்மையான போர்டில் ஓட்டலாம். நினைவக மாதிரியை, அதாவது வாசிப்பும் எழுத்தும் எந்த வரிசையில் தென்படலாம் என்ற விதிகளை, வைத்துக் கணக்கிடும் கருவியிடம் கொடுக்கலாம். நான்கையும் முழுமையாகச் செய்யும் அளவுக்கு ஆளும் நேரமும் எங்களிடம் இல்லை. ஆகவே எதை முன்னால் வைப்பது, எதன் தீர்ப்பை இறுதியாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாக வேண்டும். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாசிப்புதான் முதல். அந்த வாசிப்பு எந்த இடத்தைச் சந்தேகிக்கிறதோ அதைக் குறிவைத்து எழுதிய சோதனை, ஆலைகளில் ஓடும் அதே வகைப் போர்டில், இரண்டாவது. மற்ற இரண்டும் துணைக்கு வரலாம். தீர்ப்புச் சொல்லும் தகுதி அவற்றுக்கு இல்லை.

வேகம் வேண்டும் என்ற தம்பியின் ஆசையில் நியாயம் இருக்கிறது. எங்கள் போர்டுகள் செம்பனை ஆலைகளில் இருக்கின்றன. ஒரே போர்டில் இரண்டு மெய்நிகர் கணினிகள்: ஒன்று லோரிகளின் எடைக் கணக்கைப் பார்க்கிறது, மற்றொன்று கொதிகலன் உணரிகளின் அளவுகளைச் சேகரிக்கிறது. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் போய்வந்தால் இரண்டும் மறுபடி எழுந்து நிற்கும் வரை லோரிகள் வாசலில் வரிசை கட்டும். அறுத்த செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்க வேண்டும் என்பது ஆலைகளின் பொதுவிதி. தாமதம் கூடக்கூட எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். சிறுதோட்டக்காரருக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு. அதே சிறுதோட்டக்காரரின் எடைக் கணக்கு ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கசியக் கூடாது, கெடவும் கூடாது. வேகத்துக்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு விட்டுக்கொடுக்க வேண்டும்.

அந்த ஃபிளஷ் அங்கே ஏன் இருக்கிறது

தோட்டத்தில் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) மண்டோர் என்ற மேற்பார்வையாளர் தன் சட்டைப்பை நோட்டில் பேர் பதிவார். பிறகுதான் எழுத்தரான கிராணி அதை ஆபீசிலுள்ள பெரிய செக்ரோல் பதிவேட்டில் ஏற்றுவார். இடைப்பட்ட நேரத்தில் யாராவது நேராகச் செக்ரோலைத் திறந்தால் பழைய கணக்குத்தான் தெரியும். கேஷ் அந்தச் சட்டைப்பை நோட்டு. நினைவகம் அந்தச் செக்ரோல். எல்லோரும் மண்டோரிடமே கேட்டால் குழப்பம் இல்லை. ஒருவர் மண்டோரிடமும் இன்னொருவர் செக்ரோலிலும் பார்த்தால்தான் கணக்கு முரண்படும்.

ஆர்ம் சில்லுகளில் இந்த முரண்பாடு வெறும் கற்பனை அன்று. கெஸ்ட், அதாவது மெய்நிகர் கணினி, தொடங்கும் கணத்தில் அதன் எம்எம்யூ (நினைவக முகவரிகளை மொழிபெயர்க்கும் பகுதி) அணைந்திருக்கும். அந்த நிலையில் அதன் தரவு வாசிப்புகளையும் எழுத்துகளையும் செயலி சாதன நினைவகம்போல் நடத்தும். அதாவது அவை கேஷைத் தொடாமல் நேரே நினைவகத்துக்குப் போகும். அதைத் தாங்கி ஓட்டும் ஹோஸ்டோ அதே பக்கத்தைக் கேஷ் வழியாகவே கையாள்கிறது. கெஸ்டின் கெர்னல் படிமத்தை ஹோஸ்ட் எழுதியது கேஷ் வழியாக. கெஸ்ட் அதைப் படிப்பது கேஷைத் தவிர்த்து. இடையில் யாரும் கேஷிலுள்ளதை நினைவகத்தில் இறக்கவில்லை என்றால் கெஸ்ட் பழைய குப்பையைப் படிக்கும். இதற்காகத்தான், கெஸ்டின் முகவரிகளை உண்மையான நினைவக முகவரிகளாக மாற்றும் இரண்டாம் நிலைப் பக்க அட்டவணையில் ஒரு பக்கத்தைச் சேர்க்கும்போது, எல்லாக் கருவிகளும் ஒரே தரவைக் காணும் ஆழம் வரை அந்தப் பக்கத்தின் கேஷ் வரிகளை (கேஷின் சிறு அலகுகளை) கேவிஎம் எழுதிக் காலி செய்கிறது.

கெஸ்ட் செத்துப்போவது நல்ல விளைவு என்றே சொல்வேன், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும். தெரியாத விளைவு வேறொன்று இருக்கிறது. ஒரு பக்கத்தை கெஸ்டுக்குக் கொடுக்குமுன் ஹோஸ்ட் அதைச் சுழியங்களால் நிரப்புகிறது. அந்தச் சுழியங்கள் கேஷில் மட்டும் இருந்து, நினைவகத்தில் முந்தைய உரிமையாளரின் தரவு அப்படியே கிடந்தால், எம்எம்யூ அணைந்த கெஸ்ட் அந்தத் தரவைப் படித்துவிட முடியும். எடைக் கணக்கைப் பார்க்கும் மெய்நிகர் கணினி நிறுத்தப்பட்டு, அதன் பக்கம் கொதிகலன் பக்கத்துக்குப் போனால் என்ன ஆகும்? எதுவும் செயலிழக்காது. எந்தப் பதிவிலும் பிழைச் செய்தி வராது. கெஸ்ட் அழகாகத் தொடங்கும், தம்பியின் சோதனை தேறும். நான் இந்தப் பேட்சைக் கண்டு தயங்குவதற்கு இதுவே முதற்காரணம்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. கெஸ்ட் கேஷைத் தவிர்த்து எழுதிய பக்கத்தை ஹோஸ்ட் திரும்பப் பெற்று வட்டில் ஒதுக்கிவைக்கும்போது, ஹோஸ்டின் கேஷில் பழைய வரி மிச்சமிருந்தால் கெஸ்டின் புதிய தரவு தொலைந்துபோகும். ஆகவே பக்கத்தை நீக்கும் இடத்திலும் ஃபிளஷ் இருக்கிறது. பேட்ச் அதைத் தொடவில்லை. தொடவில்லை என்பதையும் மதிப்பாய்வில் எழுதிவைக்க வேண்டும்.

போர்டில் ஓட்டுவது: எந்தப் போர்டில்?

“உண்மையான வன்பொருளில் ஓடியது” என்ற சொல்லுக்கு எங்கள் துறையில் பெரிய மரியாதை. கேஷ் நிரலைப் பொறுத்தவரை அந்த மரியாதை அளவுக்கு மிஞ்சியது.

ஆர்ம் 8.4 பதிப்பிலிருந்து எஃப்டபிள்யூபி என்ற வசதி கட்டாயம். இரண்டாம் நிலை அட்டவணையே “இந்தப் பக்கம் கேஷ் வழியாகத்தான்” என்று அடித்துச் சொல்லிவிடும். கெஸ்டின் எம்எம்யூ அணைந்திருந்தாலும் அது செல்லும். எல்லோரும் மண்டோரிடமே கேட்கிறார்கள், முரண்பாட்டுக்கே இடமில்லை. லினக்ஸ் இந்த வசதியை 2018இல் பயன்படுத்தத் தொடங்கியது. வசதியுள்ள சில்லில் கேவிஎம் தானாகவே அந்த ஃபிளஷைத் தவிர்த்துவிடும்.

இப்போது தம்பியின் சோதனையைப் பாருங்கள். சரியாக இயங்குகிறதா என்பதை அவர் சோதித்தது வாடகைக்கு எடுத்த சர்வரில். அதன் கருக்கள் (செயலியின் கோர்கள்) நியோவர்ஸ் வி1, ஆர்ம் 8.4. அங்கே, நீக்கப்பட்ட வரிகள் முன்பும் ஓடியதில்லை, இனியும் ஓடப்போவதில்லை. பேட்சோடு ஓட்டினாலும் பேட்ச் இல்லாமல் ஓட்டினாலும் செயலி நடந்த பாதை ஒன்றே. சோதனை எத்தனை முறை தேறினாலும் இந்தப் பேட்சைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

எங்கள் ஆலைகளில் இருப்பவை வேறு. ராஸ்பெரி பை 4இல் கோர்டெக்ஸ் ஏ72, ஆர்ம் 8.0. பை 5இல் ஏ76, 8.2. ஆர்கே3588 போர்டுகளில் நான்கு ஏ76, நான்கு ஏ55, அவையும் 8.2. மூன்றிலும் எஃப்டபிள்யூபி இல்லை. சில நூறு ரிங்கிட்டில் கிடைக்கும் போர்டுகளின் உலகம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. எந்த ஃபிளஷைச் சர்வர் உலகம் மறந்துகொண்டிருக்கிறதோ, அதை நம்பித்தான் நாங்கள் வாழ்கிறோம்.

பை 5இலும் தம்பி ஓட்டியிருக்கிறார், ஆனால் வேகத்தை அளக்க. அங்கேயும் கெஸ்ட் தொடங்கியிருக்கிறது. எப்படி? பை 5இன் பொது மூன்றாம் நிலை கேஷ் 2 மெகாபைட். கெஸ்டின் கெர்னல் படிமம் அதைப் போலப் பல மடங்கு. படிமத்தை ஹோஸ்ட் எழுதி முடிப்பதற்குள் அதன் முற்பகுதி இடமில்லாமல் தானாகவே நினைவகத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். கடைசியாக எழுதிய சிறு பகுதிதான் கேஷில் தங்கும். அந்தப் பகுதியை கெஸ்ட் எம்எம்யூ அணைந்த நிலையில் படிக்காவிட்டால் எல்லாம் சரிபோலவே தோன்றும். படிமத்தின் அளவு மாறினாலோ, ஏற்றும் வரிசை மாறினாலோ, ஒரு நாள் தொடங்காமல் நிற்கும். அந்த நாளில் யாரும் இந்தப் பேட்சை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். மின்சாரத்தைக் குறை சொல்வார்கள், எஸ்டி கார்டை மாற்றுவார்கள்.

சில்லுக்குச் சில்லு கேஷ் மாறும் என்பதற்கு 2016இல் மோனோ என்ற நிரல் இயக்கமேடையின் குழு கண்டறிந்த பிழை நல்ல சான்று. சாம்சங்கின் எக்ஸினோஸ் 8890இல் பெரிய கருக்களின் கேஷ் வரி 128 பைட், சிறிய கருக்களில் 64 பைட். ஃபிளஷ் செய்யும் நிரல் வரியின் அளவை ஒருமுறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டது. பெரிய கருவில் கேட்டுவிட்டு, பிறகு சிறிய கருவுக்கு மாற்றப்பட்டால், 128 பைட்டாகத் தாவித் தாவி ஒன்றுவிட்டு ஒரு வரியைத் தவறவிட்டது. ஆப்கள் காரணமே இல்லாத இடங்களில் செயலிழந்தன. ஒரே வகைக் கரு மட்டும் உள்ள போர்டில் அந்த நிரலை ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் பிழை வந்திருக்காது.

ஆகவே போர்டுச் சோதனையை நான் ஒதுக்கவில்லை. அதைப் பொதுச் சோதனையாக ஓட்டுவதைத்தான் ஒதுக்குகிறேன். நோக்கத்தோடு எழுதிய சோதனை வேறு. இந்தப் பேட்சுக்கு நான் கேட்பது இது. ஹோஸ்டில் ஒரு சிறு நிரல், கேஷுக்குள் அடங்கும் அளவில், சில பத்து கிலோபைட் நினைவகத்தை எடுத்துக்கொள்ளட்டும். அதை முதலில் ஓர் அடையாள எண்ணால் நிரப்பி, டிசி சிஐவிஏசி கட்டளையால் நினைவகம் வரை எழுதிவிடட்டும். லினக்ஸ் இந்தக் கட்டளையைப் பயனர் நிரலுக்கும் அனுமதிக்கிறது. பிறகு அதே இடத்தைச் சுழியமாக்கிவிட்டு, இம்முறை ஃபிளஷ் எதுவும் செய்யாமல், உடனே கெஸ்டின் நினைவகமாகக் கொடுக்கட்டும். கெஸ்டில் இயங்குதளமே வேண்டாம். எம்எம்யூவை இயக்காமல் அந்த இடத்தைப் படித்து, சுழியம் கண்டதா, அடையாள எண்ணைக் கண்டதா என்று சொல்லும் சில கட்டளைகள் போதும். அந்தக் கட்டளைகள் இருக்கும் பக்கத்தை மட்டும் நிரலே முன்கூட்டி நினைவகத்தில் எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் சோதனையே குப்பையைப் படித்துச் செத்துவிடும்.

பேட்ச் இல்லாத கெர்னலில் இது எப்போதும் சுழியத்தையே காண வேண்டும். பேட்சோடு ஓட்டும்போது ஒரே ஒருமுறை அடையாள எண் தென்பட்டாலும் விவாதம் முடிந்தது. இரண்டிலும் சுழியமே வந்தால் பேட்ச் நல்லது என்று பொருள் கொள்ளக் கூடாது. சோதனைக்குப் பல் இல்லை என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது: எஃப்டபிள்யூபி இல்லாத போர்டில், ஃபிளஷ் செய்யும் எல்லா இடங்களையும் வேண்டுமென்றே முடக்கிய கெர்னலில் அதை ஓட்டிப் பார்ப்பது. அங்கேயும் பிழையைப் பிடிக்காத சோதனையை வைத்து எதையும் ஏற்கக் கூடாது.

எமுலேட்டர்

கியூஎமு என்ற எமுலேட்டர் இலவசம், மடிக்கணினியிலேயே ஓடும், மழை பெய்தாலும் மின்கலத்தில் தாங்கும், எந்தக் கணத்திலும் நிறுத்தி ரெஜிஸ்டர்களைப் பார்க்கலாம். இரண்டாம் நிலை அட்டவணையை உருவாக்கும் தருக்கம், பூட்டுகளை எடுக்கும் வரிசை, பக்கம் இல்லாதபோது திரும்பி வரும் பாதை ஆகியவற்றை இங்கே சோதிக்கலாம். கெர்னலோடு வரும் கேவிஎம் சோதனைகளையும், தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கேசானையும், தரவுப் போட்டியைப் பிடிக்கும் கேசிசானையும் இங்கேயே ஓட்டலாம். இவற்றில் தேறாத எந்தப் பேட்சையும் நான் வாசிக்கவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் கியூஎமு கட்டளைகளை மென்பொருளால் நடித்துக் காட்டும்போது தரவுக் கேஷ் என்ற ஒன்றே அங்கு கிடையாது. கேஷை எழுதிக் காலி செய்யும் கட்டளைகளை அது ஏற்றுக்கொள்கிறது, ஒன்றும் செய்யாமல் கடந்து போகிறது. ஃபிளஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றே. இன்னொன்று: இன்டெல், ஏஎம்டி மடிக்கணினிகளின் நினைவக வரிசை ஆர்மைவிடக் கண்டிப்பானது. முந்தைய அணுகல்கள் முடியும் வரை செயலியைக் காக்கவைக்கும் டிஎஸ்பி பேரியர் ஒன்று விடுபட்ட பிழை அங்கே வெளியே வருவது அரிது. கேஷ் பேட்சுக்கு எமுலேட்டர் “தவறு” என்று சொன்னால் நம்பலாம். “சரி” என்று சொன்னால் அதில் ஒரு செய்தியும் இல்லை.

மாதிரிக் கருவி

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் இந்தப் பேட்சுக்கு இது பொருந்தாது. ஹெர்ட்7 போன்ற கருவி, சில கட்டளைகள் கொண்ட சிறு நிரல்துண்டை வாங்கிக்கொண்டு, நினைவக மாதிரி அனுமதிக்கும் எல்லா விளைவுகளையும் கணக்கிட்டுச் சொல்லும். லினக்ஸுக்கே உரிய நினைவக மாதிரி 2018 முதல் கெர்னலோடு வருகிறது. இரண்டாம் நிலை அட்டவணையில் 2 மெகாபைட் தொகுதியைச் சிறு பக்கங்களாக உடைக்கும்போது, முதலில் பழைய பதிவைச் செல்லாததாக்கி, டிஎல்பியில் (மொழிபெயர்ப்புகளின் கேஷில்) உள்ள பழைய மொழிபெயர்ப்பை நீக்கி, டிஎஸ்பிக்குக் காத்திருந்து, அதன் பிறகே புதிய பதிவை எழுத வேண்டும். இந்த வரிசையில் கைவைக்கும் பேட்ச் வந்தால் ஹெர்ட்7ஐ நானே முதலில் கேட்பேன். மனித மூளை அங்கே எளிதில் வழுக்கும். ஆனால் அதன் பலம் வரிசையைப் பற்றிய கேள்விகளில். கேஷும் நினைவகமும் வேறுபட்டு நிற்கும் எங்கள் சிக்கலை அதனிடம் கொண்டுபோவது இடம் தெரியாமல் கதவைத் தட்டுவது ஆகும். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கேவிஎம்மைச் சிறு உட்கருவாகப் பிரித்து அதன் பாதுகாப்பைக் கணித முறையில் நிறுவினார்கள். பெரும் சாதனை, எங்கள் குழுவுக்கு எட்டாத உயரம்.

வாசிப்பு

வாசிப்பை முதலில் வைப்பதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புப் பிழை. நினைவக மேலாண்மை நிரலில் 2007இல் நுழைந்த அந்தப் போட்டிநிலைப் பிழை 2016 வரை கெர்னலிலேயே இருந்தது. உலகின் மிகக் கூர்மையான கண்கள் அந்தக் கோப்பைக் கடந்து போயின. அடுத்த வாதம் 2018 ஆகஸ்ட் மாதம் வெளிவந்த எல்1டிஎஃப் என்ற சில்லுக் குறை. இன்டெல் சில்லில், செல்லாதது என்று குறிக்கப்பட்ட பக்கப் பதிவைக் கூட ஊக இயக்கத்தில் (முன்கூட்டியே ஊகித்து ஓட்டும்போது) செயலி பயன்படுத்தி, முதல் நிலைக் கேஷில் கிடக்கும் பிற மெய்நிகர் கணினியின் தரவை எட்டிப் பார்க்க வழிவிட்டது. கையேட்டை எத்தனை முறை படித்தாலும் அது தெரிந்திருக்காது. கேவிஎம் அதற்குத் தீர்வாக, கெஸ்டுக்குள் நுழையுமுன் முதல் நிலைத் தரவுக் கேஷைக் காலி செய்யக் கற்றுக்கொண்டது.

இரண்டு வாதங்களையும் ஏற்கிறேன். ஆனாலும் எங்கள் பேட்ச் வேறு வகை. இங்கே பிழை நேரத்தில் இல்லை, சில்லின் ரகசியத்திலும் இல்லை. கையேடு வெளிப்படையாக எச்சரிக்கும் இடத்தில் இருக்கிறது. ஒரே இடத்தை இரு வேறு கேஷ் பண்புகளோடு அணுகினால் எந்த உத்தரவாதம் போகும், எந்தப் பராமரிப்பால் அது திரும்பும் என்று ஆர்ம் கட்டமைப்புக் கையேடு தெளிவாக எழுதியிருக்கிறது. அது பத்தாயிரம் பக்கங்களைத் தாண்டிய நூல்தான். இதற்கு வேண்டியது நினைவகப் பண்புகள், கேஷ் பராமரிப்பு, இரண்டாம் நிலை மொழிபெயர்ப்பு ஆகிய சில இயல்கள் மட்டும். அவற்றை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம்.

வாசிக்கும் முறைதான் முக்கியம். நிரலைக் கதைபோல் மேலிருந்து கீழே படித்தால் எல்லாம் நியாயமாகவே தோன்றும். நீக்கப்படும் ஒவ்வொரு ஃபிளஷுக்கும் கேட்க வேண்டியவை: இந்தப் பக்கத்தில் கடைசியாக எழுதியவர் யார், எந்தப் பண்போடு? அடுத்துப் படிப்பவர் யார், எந்தப் பண்போடு? இடையில் தரவு நினைவகத்தை அடைந்தது என்பதற்கு எந்தக் கட்டளை சாட்சி? அந்தக் கட்டளை முடிந்ததற்கு எந்தப் பேரியர் சாட்சி? நான்கிற்கும் பதில் எழுத முடியாத இடத்தில் பேட்ச் நிற்க வேண்டும். தம்பியின் பேட்சில் மூன்றாம் கேள்விக்கே பதில் இல்லை. “பக்கத்தை ஒதுக்கும்போது கெர்னல் அதைச் சுத்தம் செய்கிறது” என்ற அவரது விளக்கம், சுழியமாக்குவதையும் கேஷை இறக்குவதையும் ஒன்றாக எண்ணிக்கொண்டது. சுழியமாக்கும் நிரலே கேஷ் வழியாகத்தான் எழுதுகிறது.

வாசிப்பு காட்டும் இன்னொரு இடத்தை எந்தச் சோதனையும் காட்டியிருக்காது. பழைய 32 பிட் கெஸ்ட் கெர்னல்கள் சில, கேஷை முகவரியால் அல்லாமல், கேஷுக்குள் உள்ள இடத்தை (அடுக்கு, வழி) குறிப்பிட்டுக் காலி செய்யும். அந்தக் கட்டளை ஓடுகிற கருவின் கேஷை மட்டுமே தொடும். மற்றக் கருக்களுக்கு அறிவிக்கப்படாது. மெய்நிகர் கணினி எந்தக் கணத்திலும் வேறு கருவுக்கு மாற்றப்படலாம் என்பதால் அதை நம்பவே முடியாது. எனவே கேவிஎம் அந்தக் கட்டளையை இடைமறித்து, கெஸ்டின் இரண்டாம் நிலை அட்டவணையிலுள்ள நினைவகம் முழுவதையும் முகவரி முகவரியாகக் காலி செய்கிறது. பிறகு கெஸ்ட் தன் கேஷை இயக்கும் கணத்தையும் கண்காணிக்கிறது. அட்டவணையில் இன்னும் சேராத பக்கங்களை அந்தப் பாதை தொடாது. அவை பிறகு சேரும்போது அங்கே நடக்கும் ஃபிளஷ் பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் எடுகோள். பேட்ச் நீக்குவது அந்த ஃபிளஷைத்தான். ஓரிடத்தில் வெட்டினால் வேறு கோப்பில் இருக்கும் எடுகோள் சரிகிறது. இப்படிப்பட்ட தொலைதூரச் சங்கிலியைக் கண்டுபிடிக்க, அந்தச் செயற்கூறின் பெயரைத் தேடி, அதை நம்பியிருக்கும் ஒவ்வோர் இடத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். 1972இல் இன்டெல் பினாங்கில் ஆலை தொடங்கியதிலிருந்து இந்த வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகள் சில்லுகளைக் கையால் தொட்டு வளர்ந்தவர்கள். அடுக்குவது, சோதிப்பது, பொட்டலம் கட்டுவது அவர்கள் வேலையாக இருந்தது. 2025 மார்ச் மாதம் மலேசிய அரசு ஆர்ம் நிறுவனத்தோடு 10 ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர் தரும் ஒப்பந்தத்தில் இணைந்தது. சில்லு வடிவமைப்பில் 10,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதும் அதன் இலக்கு. அந்தப் பயிற்சி சைபர்ஜெயாவோடு நின்றுவிடக் கூடாது. கையேட்டின் ஓர் இயலை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து உரக்கப் படித்து விவாதிப்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடை வீட்டின் மாடியும் ஒரு மேசையும் போதும். எமுலேட்டரையும் போர்டையும் யாரும் வாங்கிவிடலாம். வாசிக்கப் பழகிய கண் இந்த ஊரிலேயே உருவானால், அடுத்த பேட்சையும் அதற்கடுத்ததையும் நாமே எடைபோடலாம்.

கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. தம்பியின் ஷிப்ட் எப்படி விழுந்தாலும் இரண்டில் ஒரு நாள் கிடைக்கும். பேட்சை எழுதியவரும் மதிப்பாய்வில் உட்கார வேண்டும் என்பது என் விருப்பம். பதில் சொல்லும் இடத்தில் மட்டும் அவரை வைத்தால் தற்காப்புதான் வளரும். ஃபிளஷைக் காக்கும் பக்கத்தில் நின்று வாதாட அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

முடிவாக நான் பரிந்துரைப்பது

பேட்சை இப்போதுள்ள வடிவில் சேர்க்க வேண்டாம். எஃப்டபிள்யூபி உள்ள சில்லில் அந்த வரிகள் ஏற்கெனவே ஓடுவதில்லை. ஆகவே அங்கே பேட்சால் பயன் இல்லை. எஃப்டபிள்யூபி இல்லாத எங்கள் போர்டுகளில் அந்த வரிகள் தேவை. இரண்டு பக்கமும் நீக்கக் காரணம் இல்லை.

வேகத்தை வேறு இடத்தில் தேடலாம். கெஸ்ட் தொட்ட பக்கங்களுக்கே ஃபிளஷ் நடக்கிறது என்பதால், எடைக் கணக்கின் கெஸ்ட் தொடக்கத்தில் ஏன் இவ்வளவு நினைவகத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். தொடக்கப் படிமத்தில் ஆலைக்குத் தேவையற்ற ஓட்டுநிரல்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் களைந்தால் தொடும் பக்கங்கள் குறையும், ஃபிளஷும் குறையும். இரண்டு கெஸ்டுகளையும் ஒரே நேரத்தில் எழுப்பாமல் எடை மேடையின் கெஸ்டை முதலில் எழுப்பினாலே லோரி வரிசை பாதி குறையும் என்று நினைக்கிறேன். கெர்னலைத் தொடாமலே செய்யக்கூடிய வேலை அது.

தம்பியிடம் நான் கேட்டிருப்பது இரண்டு. ஒன்று, நீக்க நினைத்த வரிகளுக்கு மேலே, மேற்சொன்ன நான்கு கேள்விகளின் பதில்களை விளக்கக் குறிப்பாக எழுதுவது. அதை முதலில் எங்கள் கெர்னலில் சேர்ப்போம். மற்றது, அடையாள எண் சோதனையை எழுதி பை 4, பை 5 இரண்டிலும் ஓட்டுவது. ஆர்கே3588 போர்டில் மட்டும் அதை இருமுறை ஓட்ட வேண்டும்: கெஸ்டை ஏ76 கருக்களோடு கட்டிவைத்து ஒருமுறை, ஏ55 கருக்களோடு கட்டிவைத்து ஒருமுறை.